உங்களுக்குத் தெரியுமா? விளையாட்டரங்கம் யார் காசில்?

● 1996-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரை உள்ளடக்கிய ஹாமில்டன் கவுன்டி, “விற்பனை வரியில் டாலருக்கு அரை சென்ட் கூட்டிக்கொள்கிறோம், இரண்டு அரங்கங்கள் கட்டுகிறோம், வீட்டு வரியிலும் கழித்துத் தருகிறோம்” என்று சொல்லி ஓட்டு வாங்கியது. வசூல் கணக்குப் போட்டபடி வரவில்லை. வரிச் சலுகையில் கைவைத்தார்கள். பொது மருத்துவமனை ஒன்றையும் விற்றார்கள். அமெரிக்கக் கால்பந்து அணியோடு அன்று போட்ட ஒப்பந்தத்தைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. ஹாலோகிராம் மறுஒளிபரப்புக் கருவி (அன்றைக்கு அப்படி ஒன்று எந்த அரங்கத்திலும் கிடையாது) பிற அரங்கங்களில் வந்துவிட்டால், இங்கேயும் கவுன்டி செலவில் வாங்கி மாட்ட வேண்டுமாம்!

● சியாட்டிலின் கிங்டோம் அரங்கம் 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பேரில் இருந்த கடன் தீர்ந்தது 2015-ல்.

● டெட்ராய்ட் நகரம் திவால் மனு போட்டது 2013 ஜூலை 18. சுமார் ஒரு வாரத்தில், புதிய ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு மிச்சிகன் மாநிலம் பச்சைக்கொடி காட்டியது. அதற்குப் போன பொதுப்பணம், நகர மையத்தை மேம்படுத்துவதற்கென்று பிரித்துவைக்கும் சொத்து வரி. 2017-ல் அரங்கம் திறந்தாயிற்று. சுற்றிலும் வரும் என்ற குடியிருப்புகளுக்குப் பதிலாகப் பல ஆண்டுகள் கார் நிறுத்துமிடங்களைத்தான் பார்க்க முடிந்தது.

● இத்தனைக்கும், அமெரிக்கக் கால்பந்து அணி தன் சொந்த அரங்கில் ஒரு சீசனில் ஆடும் லீக் ஆட்டங்கள் எட்டு அல்லது ஒன்பதுதான்.

● நகர மையத்துக்கே செலவழித்துப் பார்த்த ஊர் ஓக்லஹோமா சிட்டி. 1991-ல், சலுகைகள் கொடுத்து இழுக்கப் பார்த்த யுனைடெட் ஏர்லைன்ஸின் விமானப் பராமரிப்பு நிலையம் இந்தியானாபொலிஸுக்குப் போய்விட்டது. ‘சலுகை கொடுத்து என்ன, இங்கே வந்து குடியிருக்க யாருக்கு ஆசை?’ என்ற கேள்வி உறைத்தது. 1993 டிசம்பரில் டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரிக்கு மக்கள் சம்மதித்தார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். வசூலான பணத்தில் கட்டினார்கள், கடன் கிடையாது. பழைய செங்கல் கிடங்குகளுக்கு நடுவே கால்வாய் வெட்டினார்கள். அதன் கரையில் இன்று உணவகங்கள். பெரிய நூலகம் வந்தது. தண்ணீர் ஓடுவதற்குப் பதில் புல் வளர்ந்து, அவ்வப்போது வெட்டிவிட வேண்டியிருந்த ஆறு, தடுப்பணைகள் வந்தபின் துடுப்புப் படகுப் போட்டி நடக்கும் நீர்நிலையானது. ஒரு பேஸ்பால் மைதானமும் உள்ளரங்கமும் அதே பட்டியலில் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவை பட்டியலில் இரண்டு மட்டுமே.

● அந்த உள்ளரங்கம்தான் 2008-ல் ஒரு கூடைப்பந்து அணியைச் சியாட்டிலிலிருந்து இழுத்து வந்தது. இப்போது அந்த அணிக்கு அதுவும் போதவில்லை. குறைந்தது 90 கோடி டாலரில் புதிய அரங்கம் கட்ட 2023 டிசம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அணி முதலாளிகள் தருவது 5 கோடி. மிச்சமெல்லாம் கடைக்குப் போகும் ஜனங்களின் ஒரு சென்ட்தான்.