பல்கலைக்கழகத்தின் வாயில் பதினைந்தாம் வயதில் திறக்கிறது

மொன்றியல் மாநகரில் வாழும் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை குறைந்தவர் அல்லர். அதிகாலையில் தொழிற்சாலைக்கும் மாலையில் உணவகத்திற்கும் சென்று உழைப்போர் பலரும் தம் உழைப்புக்குக் கூறும் காரணம் ஒன்றே: பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும் என்பதே அது. ஆயினும் கியூபெக் மாகாணத்தின் கல்வி ஒழுங்கு, நாம் தாயகத்திற் பயின்ற ஒழுங்கிலிருந்தும், ரொறன்ரோவில் வாழும் உறவினர் தொலைபேசியில் விளக்கும் ஒழுங்கிலிருந்தும் வேறுபட்டது. விண்ணப்பிக்கும் காலம் வரட்டும், அப்போது விசாரிப்போம் என்று இருந்துவிடும் பெற்றோர், அக்காலம் வரும்போது சில வாயில்கள் முன்னரே மூடப்பட்டிருப்பதைக் காண்கின்றனர். எதை, எப்போது தீர்மானிக்க வேண்டும் என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடையிலுள்ள படி

இங்கு உயர்நிலைப் பள்ளி, பதினோராம் ஆண்டாகிய செகண்டரி ஐந்துடன் முடிவடைகிறது. அதன்பின் மாணவர் நேரே பல்கலைக்கழகம் செல்வதில்லை. இடையில் ‘சேஜெப்’ எனப்படும் கல்லூரிக்குச் செல்கின்றனர். அல்போன்ஸ்-மாரி பரான் தலைமையிலான அரச ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1967ஆம் ஆண்டு இக்கல்லூரிகள் உருவாயின. இங்கு பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தம் செய்யும் கற்கைநெறி இரண்டு ஆண்டுகள். தொழில்நுட்பக் கற்கைநெறி மூன்று ஆண்டுகள்.

ஒன்ராறியோவில் பள்ளி பன்னிரண்டு ஆண்டுகள், பட்டப்படிப்பு பொதுவாக நான்கு ஆண்டுகள். இங்கு பள்ளி பதினொன்று, சேஜெப் இரண்டு, 90 திறமைச் சித்திகள் கொண்ட பட்டப்படிப்பு மூன்று. இரண்டையும் கூட்டினால் பதினாறே வரும். எனவே சேஜெப்பினால் பிள்ளையின் காலம் வீணாகிறது என்ற எண்ணம் தவறானது. பொறியியல் போன்ற சில துறைகளுக்கு மட்டும் சேஜெப்பின் பின்னரும் நான்கு ஆண்டுகள் தேவைப்படும்.

பதினைந்து வயதின் தெரிவு

செகண்டரி நான்கிற்குள் நுழையும்போது மாணவர் மூன்று கணிதப் பிரிவுகளில் ஒன்றைத் தெரிவு செய்கின்றனர். அவை சி.எஸ்.ரி., ரி.எஸ்., எஸ்.என். எனப்படும். அதே ஆண்டில், எஸ்.ரி.ஈ. எனப்படும் மேலதிக விஞ்ஞானப் பாடத்தைக் கற்பதா இல்லையா என்பதும் தீர்மானிக்கப்படுகிறது. பிள்ளை கொண்டுவரும் தாளிற் பெற்றோர் கையொப்பமிடும்போது இவை வெறும் எழுத்துகளாகவே தோன்றும். ஆனால் அவ்வெழுத்துகளின் பொருள் பெரிது.

எஸ்.ரி.ஈ. இல்லாமல் செகண்டரி ஐந்தில் இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்க இயலாது. அவ்விரு பாடங்களும், ரி.எஸ். அல்லது எஸ்.என். கணிதமும் இல்லாமல் சேஜெப்பின் விஞ்ஞானப் பிரிவிற் சேர இயலாது. விஞ்ஞானப் பிரிவு இன்றேல் மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கான நேர்வழி அடைபட்டுவிடும். வணிக முகாமைத்துவத்திற்குச் செல்ல விரும்புவோருக்கும் சேஜெப்பில் நுண்கணிதம் வேண்டும்; அதற்கும் பள்ளிக் கணிதமே அடிப்படை.

அன்றியும், சேஜெப்பிற்கான விண்ணப்ப முடிவு நாள் பொதுவாக மார்ச் 1 ஆகும். அந்நாளில் செகண்டரி ஐந்தின் இறுதிப் பெறுபேறு வெளிவந்திராது. ஆகவே செகண்டரி நான்கின் புள்ளிகளே பெரிதும் நோக்கப்படுகின்றன. கடைசி ஆண்டில் முயன்று படித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்கு உதவாது.

தவறவிட்டோர் மனம் தளர வேண்டியதில்லை. வளர்ந்தோர் கல்வி நிலையங்களிலும், சேஜெப்புகளின் ஆயத்தப் பருவங்களிலும் விடுபட்ட பாடங்களைக் கற்க வழியுண்டு. அதற்கு ஓராண்டு கூடுதலாகச் செலவாகலாம். ஆனால் வாயில் மீண்டும் திறக்கும்.

எம்மொழியிற் பயில்வது?

1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்தினால் நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பள்ளிகளிலே பயில்கின்றனர். சேஜெப்பில் மொழியைத் தெரிவு செய்யும் உரிமை உண்டு. எனினும் 2022ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம் ஆங்கிலச் சேஜெப்புகளின் மாணவர் தொகைக்கு வரம்பிட்டது. ஆங்கிலக் கல்விக்கான தகுதிச் சான்றிதழ் உடையோருக்கு முன்னுரிமை அளித்தது. அங்கு கற்க வேண்டிய பிரெஞ்சின் அளவையும் உயர்த்தியது. எனவே டோசன், வனியர் ஆகிய பெயர்களை மட்டும் மனத்திற் கொள்ளாது, அகுன்சிக், புவா-டெ-புலோன், சென்-லோரன் போன்ற பிரெஞ்சுச் சேஜெப்புகளையும் எண்ணிப் பார்த்தல் நன்று. பிரெஞ்சுச் சேஜெப்பிற் பயின்றோர் மக்கிலுக்கோ கொன்கோடியாவுக்கோ விண்ணப்பிக்கத் தடையேதும் இல்லை.

ஆர் மதிப்பெண்ணும் தரப்படுத்தலும்

சேஜெப்பிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு அனுமதி வழங்கும்போது ‘ஆர் மதிப்பெண்’ என்ற அளவுகோல் கையாளப்படுகிறது. 1995ஆம் ஆண்டு இது நடைமுறைக்கு வந்தது. புள்ளிகளை ஒரு சூத்திரத்தால் மாற்றியமைக்கின்றனர் என்று கேட்டவுடன், நம் பெற்றோர் சிலருக்குப் பழைய வேதனை நினைவுக்கு வரும். 1971ஆம் ஆண்டு இலங்கையிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலினால், தமிழ்மொழி மூலம் தேர்வெழுதிய மாணவர் சிங்கள மொழி மூலம் எழுதியோரை விடக் கூடுதலான புள்ளிகள் பெற்றாலன்றிப் பல்கலைக்கழகம் புக இயலாத நிலை தோன்றியது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் வந்து சேர்ந்தது. அக்காயம் ஒரு தலைமுறையின் வாழ்வையே மாற்றியது.

ஆர் மதிப்பெண் அத்தகையதன்று. அது மாணவரின் மொழியையோ இனத்தையோ மாவட்டத்தையோ நோக்குவதில்லை. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கற்றோரிடையே அவர் எந்நிலையில் உள்ளார் என்பதை நோக்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு மாணவி 80 புள்ளி பெறுகிறாள். வகுப்புச் சராசரி 70, நியம விலகல் 10. அவள் சராசரியிலிருந்து ஒரு விலகல் மேலே நிற்கிறாள். மற்றொரு மாணவன் 85 பெறுகிறான். அவனது வகுப்புச் சராசரியும் 85. இரு வகுப்புகளின் திறனும் சமமெனக் கொண்டு, இவ்விலகலுடன் ஐந்தைக் கூட்டி ஐந்தாற் பெருக்கினால் அவளுக்கு 30, அவனுக்கு 25 வரும். 85 பெற்றவனை 80 பெற்றவள் முந்திவிடுகிறாள்! உண்மைக் கணக்கில், வகுப்பு மாணவரின் முந்தைய திறனுக்கு ஏற்பத் திருத்தங்களும் செய்யப்படுகின்றன. ஆகவே திறமையாளர் நிறைந்த வகுப்பிற் சேர்ந்ததனால் மட்டும் ஒருவர் முற்றாகப் பாதிக்கப்படுவதில்லை.

இதிலிருந்து மாணவர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒவ்வொரு பாடமும் கணக்கிற் சேரும். விஞ்ஞான மாணவருக்கும் இலக்கியம், மெய்யியல், உடற்கல்வி உண்டு. அவற்றை அலட்சியம் செய்தல் கூடாது. தவறிய பாடமும் தன் சுவட்டை விட்டுச் செல்லும். தொடர இயலாத பாடத்தைச் செப்டம்பர் 20, பெப்ரவரி 15 ஆகிய நாள்களுக்கு முன்னரே முறைப்படி விலக்கிக்கொள்ள வேண்டும். வகுப்புக்குச் செல்லாது விட்டால் அது தோல்வியாகவே பதியப்படும். இரண்டாவது, பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களை ஆராயும் வேளையில் நான்கு பருவங்களில் மூன்றே முடிந்திருக்கும். எனவே முதற்பருவமே முக்கியமானது. புதிய சுதந்திரத்தில் பலர் வழுக்கி விழுவதும் அப்பருவத்திலேதான்.

விண்ணப்பமும் பாடத்திட்டமும்

விண்ணப்பிக்குமுன் பிள்ளையின் பெயரைச் சரிபார்க்கவும். கல்வி அமைச்சு வழங்கும் நிரந்தரக் குறியீட்டில் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் உண்டு. குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளுடன் அது தொடங்கும். தந்தையின் பெயர் ஓர் ஆவணத்திற் குடும்பப் பெயராகவும் மற்றொன்றில் முதற்பெயராகவும் எழுதப்பட்டிருப்பது நம்மவரிடையே பொதுவானது. இதனாற் கோப்புகள் பொருந்தாது தாமதம் நேரலாம்.

ஒரு துறையை மட்டும் நம்பி விண்ணப்பித்தல் கூடாது. விரும்பும் துறை, எட்டக்கூடிய துறை, உறுதியாகக் கிடைக்கும் துறை என மூன்றையேனும் எண்ணுக. சேஜெப்பில் முதற்பாடங்களைத் தெரியும்போதே, நாடும் பீடத்தின் முன்தேவைகளை எடுத்துப் படிக்கவும். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்திற்கு 15 திறமைச் சித்திகள், அதாவது ஐந்து பாடங்கள் என்பது வழமை. முழுநேர மாணவராயிருக்கப் பொதுவாகப் 12 போதும். பகுதிநேர வேலை செய்து குடும்பத்திற்கு உதவும் மாணவர் முதற்பருவத்தில் நான்கு பாடங்களுடன் தொடங்குவது இழுக்கன்று. ஆனால் ஒரு பாடம் மற்றொன்றிற்கு முன்தேவையாயின் அதனைப் பிற்போடாதீர்கள். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறையே நடைபெறும்.

செலவு

கியூபெக் வாசியாகிய முழுநேர மாணவருக்கு அரச சேஜெப்பிற் கற்பித்தற் கட்டணம் இல்லை. சிறு கட்டணங்கள் மட்டும் உண்டு. பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் குறைந்த கட்டணம். மாகாண அரசின் கல்வி நிதியுதவித் திட்டம் பெற்றோரின் வருமானத்தைக் கருத்திற் கொண்டு கடனும் உதவிப் பணமும் வழங்குகிறது. உதவிப் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. கடன் என்ற சொல்லுக்கு அஞ்சி விண்ணப்பிக்காதிருப்போர் இவ்வுதவியையும் சேர்த்தே இழக்கின்றனர்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பள்ளியின் வழிகாட்டல் ஆலோசகரைச் செகண்டரி மூன்றிலேயே சந்தியுங்கள். பெற்றோரே, பிள்ளை கொண்டுவரும் பாடத்தெரிவுத் தாளில் உடனே கையொப்பமிடாது, இப்பிரிவு எந்த வாயிலைத் திறக்கும், எதை மூடும் என்று கேளுங்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வராவிடினும் தயங்க வேண்டாம். மொழிபெயர்க்கப் பிள்ளையையே அருகில் இருத்திக் கேளுங்கள். உயர்கல்வியின் முதல் விண்ணப்பம் அந்தத் தாள்தான்.