கிடையாடுகளும் மானாவாரிப் புஞ்சையும்

மங்களூர் வட்டாரத்துக் குடியானவர்கள் மக்காச்சோளமும் பருத்தியும் எடுத்த பின்னர், அடுத்த விதைப்பு வரையில் புஞ்சைகளை வெறுமனே விட்டிருப்பது வழக்கம். இத்தகைய அறுவடை நீங்கிய நிலங்களை நம்பியே கீதாரிகளின் மந்தைகள் பிழைக்கின்றன. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் மேய்ச்சல் வற்றியதும் இவர்கள் குடும்பத்துடன் புறப்பட்டு, தாள் மேய்ச்சலும் தண்ணீரும் உள்ள ஊர்களைத் தேடிச் செல்வர். பகலில் மேய்த்து, இரவில் ஒருவர் நிலத்தில் கிடை அமர்த்துவர்.

கிடையின் அருமையை முன்னோர் அறிந்திருந்தனர். ஒரு டன் தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 5 கிலோ இருக்குமாயின், அதே நிறையுள்ள ஆட்டெருவில் சுமார் 30 கிலோ இருக்கும். மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகின்றது. வண்டிக் கூலியில்லை; எருவை இறைக்கும் கூலியுமில்லை. ஆயினும் கிடைக்குப் பணங்கொடுத்தவரிற் பலர் மழை வரும் வரையில் நிலத்தை உழாது விடுகின்றனர். வெயிலில் மூத்திரச் சத்து ஆவியாய்ப் போய்விடும். கொடுத்த பணமும் அதனுடன் போயிற்று என்றே கொள்ள வேண்டும். பட்டியை இரவுதோறும் நகர்த்தச் செய்து, கிடை பெயர்ந்த இடத்தை மறுநாளே மேலாக உழுதுவிடுதல் உத்தமம். அருகில் வாடிய இளஞ்சோளமோ, அறுத்த தாளின் மறுதழைவோ இருக்குமாயின் கீதாரியிடம் முன்னரே சொல்லிவிடுக. அதிலுள்ள நஞ்சு மந்தையைச் சில நாழிகையில் சாய்த்துவிடும்.

வந்த மந்தை நோயைக் கொணரும் என்று அஞ்சி ஊரார் விரட்டுவதுமுண்டு. அச்சம் முற்றிலும் வீணன்று. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ஆம் ஆண்டில், மங்களூரும் அன்று அடங்கியிருந்த பழைய தென்னாற்காடு ஜில்லாவின் அரசூரில்தான். கடுஞ்சுரம், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை இதன் குறிகள். ஆனால் அவ்வூரிற் கிடைத்த கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசியும் தயாரித்தனர். ஒருமுறை போட்டால் மூன்றாண்டு வரை காக்கும். மாடுகளின் வெக்கை நோய் 2011-இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் ஒழிப்பதென்பது சர்வதேச ஸ்தாபனங்களின் தீர்மானம்.

இடர் வேறிடத்தில் உள்ளது. ஊசி முகாம் ஊராடுகளுக்கு நடக்கின்றது. நடந்துகொண்டேயிருக்கும் மந்தை எந்த ஊர்க் கணக்கிலும் சேராமல் தப்பிவிடக்கூடும். ஆகையால் கிடை பேசும்போதே ஊசி போட்டாயிற்றா என்று நிலக்காரர் கேட்பதும், இல்லையேல் கிராம நிர்வாக அலுவலரோ பஞ்சாயத்துத் தலைவரோ கால்நடை உதவி மருத்துவருக்கு அன்றே தெரிவிப்பதும் தகும். விரட்டப்பட்ட மந்தை நோயுடன் அடுத்த ஊருக்குப் போகுமேயன்றி மறைந்துவிடாது.

தமிழ்நாட்டில் 2012-இல் சுமார் 48 லட்சமாயிருந்த செம்மறிகள் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் 45 லட்சமாய்க் குறைந்துள்ளன. மந்தைப்பாதையும் புறம்போக்கும் அடைபட்டால் இன்னும் குறையும். கிடை வேண்டுவோர் கோடை பிறக்குமுன் கீதாரியுடன் பேசி, குடிநீருக்குக் கிணற்றையோ குட்டையையோ ஒதுக்கி வைப்பாராக.