ஹக்கும் ஜிம்மும்: தெப்பத்தில் வளர்ந்த நட்பு

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்' நாவலைச் சுருக்கப் பதிப்பில் படித்த மாணவரிடம் கதை என்னவென்று கேட்டால், வீட்டைவிட்டு ஓடிய பையன் ஆற்றில் தெப்பம் விட்ட கதை என்பார். தவறில்லை. குடிகாரத் தந்தை, தலைமுறைப் பகையில் சுட்டுக்கொள்ளும் குடும்பங்கள், இரண்டு மோசடிக்காரர்கள் என்று நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. அவற்றையெல்லாம் கோத்து நிற்கும் சரடு, ஹக் என்ற சிறுவனுக்கும் ஜிம் என்ற அடிமைக்கும் இடையே உண்டாகும் நட்பு. பக்கங்களைக் குறைக்கும்போது முதலில் கழிந்துபோவதும் அதுதான்.

நாவல் 1884இல் இங்கிலாந்திலும் 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அமெரிக்காவில் அடிமை முறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் கதை நடப்பது நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என்று ட்வைன் முகப்பிலேயே சொல்லிவிடுகிறார். அப்போது மிசௌரி மாநிலத்தில் அடிமை என்பவர் இன்னொருவரின் சொத்து. தப்பியோடும் அடிமைக்கு உதவுவது திருட்டு. ஊர் பார்வையில் பாவமும்கூட. ட்வைன் அதே மாநிலத்தின் ஹானிபல் என்ற ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவர்.

தந்தையின் அடிக்குத் தப்பி ஓடுகிறான் ஹக். தன்னை 800 டாலருக்குத் தெற்கே விற்றுவிடுவார்களோ என்று அஞ்சி ஓடுகிறார் ஜிம். இருவரும் ஒரு தீவில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அந்த நேரத்தில் இது வெறும் வழித்துணை. நட்பாக மாறும் இடம் மூடுபனிக் காட்சி.

இரவில் பனியில் ஹக்கின் சிறு படகு தெப்பத்திலிருந்து பிரிந்துவிடுகிறது. ஜிம் கூவிக் கூவித் தேடிக் களைத்து உறங்கிப்போகிறார். திரும்பி வந்த ஹக், எதுவுமே நடக்கவில்லை, நீ கனவு கண்டாய் என்று சாதிக்கிறான். ஜிம்மும் நம்பி அந்தக் 'கனவுக்கு'ப் பொருள் சொல்லத் தொடங்குகிறார். பிறகு ஹக் தெப்பத்தில் கிடக்கும் சருகையும் உடைந்த துடுப்பையும் காட்டிச் சிரிக்கிறான். ஜிம் கத்துவதில்லை. நண்பனை அவமானப்படுத்துகிறவனும் அந்தக் குப்பையைப் போன்றவன்தான் என்ற பொருளில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். ஒரு கறுப்பினத்தவரிடம் மன்னிப்புக் கேட்க ஹக்குக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது. ஆனால் கேட்கிறான்.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். தமிழில் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. ஜிம் மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள பெரியவர். ஹக் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். ஹக் அவரை எப்படி அழைப்பான்? நான் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். ஹக்கின் வாயில் 'நீ'தான் வரும். வயதில் மூத்த கூலித் தொழிலாளியைச் சின்னப் பையன் 'வாடா, போடா' என்று அழைத்த ஊர்களை நாம் அறிவோம் என்பதால், நம் மாணவர்களுக்கு இது விளக்காமலே புரியும். மன்னிப்புக்குப் பிறகும் 'நீ'யே தொடருமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்புப் பயிற்சி போலத் தொடங்கும். நாவலின் மையத்தில் போய் நிற்கும்.

அடுத்து வருவது பெரியம்மைப் பொய். விடுதலை கிடைத்ததும் உழைத்து மனைவியை மீட்பேன், பிறகு பிள்ளைகளை மீட்பேன் என்கிறார் ஜிம். அதைக் கேட்ட ஹக் மகிழவில்லை, திடுக்கிடுகிறான். தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒருவரின் 'சொத்தை'த் திருடத் துணைபோகிறோமே என்று அவன் மனசாட்சி குத்துகிறது. காட்டிக்கொடுக்கவே படகில் கிளம்புகிறான். தனக்கிருக்கும் ஒரே நண்பன் நீதான் என்று பின்னாலிருந்து ஜிம்மின் குரல் கேட்கிறது. தப்பிய அடிமைகளைத் தேடி வந்த இருவர் எதிர்ப்பட்டதும், தெப்பத்தில் இருப்பவருக்குப் பெரியம்மை என்று அவர்கள் எண்ணும்படி ஹக் பேசிவிடுகிறான். அவர்கள் ஆளுக்கு ஒரு 20 டாலர் தங்க நாணயத்தை வைத்துவிட்டு விலகிப்போகிறார்கள்.

நாவலின் உச்சம் கடிதக் காட்சி. மோசடிக்காரர்கள் 40 டாலருக்காக ஜிம்மைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஜிம் இருக்கும் இடத்தை அவருடைய உரிமைக்காரி மிஸ் வாட்சனுக்குத் தெரிவிக்க ஹக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவப்பட்டதுபோல் மனம் லேசாகிறது. பிறகு, தான் உறங்கட்டும் என்று தன் காவல் முறையையும் சேர்த்துப் பார்த்த ஜிம், பனியிலிருந்து மீண்டு வந்தபோது மகிழ்ந்த ஜிம் என ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. நரகத்துக்கே போனாலும் சரி என்று கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான்.

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. அடிமை முறை தவறு என்று ஹக் கண்டுகொண்டான் என எழுதும் விடைத்தாளுக்கு நாம் மதிப்பெண் போட்டுவிடுவோம். நாவலில் அப்படி எழுதியிருக்கவில்லை. தான் செய்வது பாவம் என்றே கடைசிவரை அவன் நம்புகிறான். அடுத்த அத்தியாயத்திலேயே நீராவிக் கப்பல் விபத்தில் யாருக்காவது காயமா என்று கேட்கும் பெண்மணியிடம், யாருக்கும் இல்லை, ஒரு கறுப்பினத்தவர் இறந்தார் என்கிறான். அது அவன் போட்ட வேடத்துக்கான பேச்சா, உள்ளே ஊறிய எண்ணமா என்று வாதிட இடமுண்டு. எப்படியானாலும் அவனிடம் கொள்கை மாறவில்லை. ஒரு மனிதரை அறிந்திருக்கிறான், அவ்வளவே. இந்த நாவலை நல்ல இதயத்துக்கும் பழுதுபட்ட மனசாட்சிக்கும் நடக்கும் மோதலாகவே ட்வைனும் பின்னாளில் கண்டார்.

இந்த நட்பை ஜிம்மின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் மிதந்து வந்த வீட்டில் கிடந்த பிணம் ஹக்கின் தந்தை என்று அவருக்கு முன்பே தெரியும். பையன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று மூடிவிடுகிறார். கடைசி அத்தியாயத்தில்தான் சொல்கிறார். அது அன்பு மட்டுமா? தந்தை இல்லையென்று தெரிந்தால் ஹக் ஊர் திரும்பிவிடலாம், ஜிம் தனியாகிவிடுவார். இரண்டும் கலந்திருக்கலாம். மேல்நிலை மாணவர்கள் இந்தக் கேள்வியை விடமாட்டார்கள்.

டாம் சாயர் வந்து சேரும் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. மிஸ் வாட்சனின் உயில்படி ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றவர் என்று தெரிந்தும், டாம் அவரை அடைபட்டிருக்க விட்டு மீட்பு விளையாட்டு விளையாடுகிறான். ஹக்கும் உடன்போகிறான். பல விமர்சகர்களும் இதைக் குறையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குண்டடிபட்ட டாமுக்கு மருத்துவர் வரும்வரை நகரமாட்டேன் என்று, கைக்கெட்டிய விடுதலையைப் பணயம் வைத்து நிற்பவர் ஜிம்தான்.

வகுப்பில் முழு நாவலுக்கும் நேரம் இருக்காது. மூடுபனி, பெரியம்மை, கடிதம் ஆகிய மூன்றையும் தமிழில் கதையாகச் சொல்ல இரண்டு பாடவேளை போதும். கடிதத்தைக் கிழிக்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, அனுப்புவானா மாட்டானா, ஏன் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். 'நண்பன் என்பதால்' என்று எழுதியவரிடமும் 'சட்டம் அப்படி' என்று எழுதியவரிடமும் அடுத்து என்ன கேட்பது என்பதை அந்தத் தாள்களே காட்டிவிடும்.