‘நான் யார்?’ என்று கேட்கும் திருடன்

கணினிக்குள் புகுந்த ஊடுருவாளர் உடனே பணத்தைத் தேடுவதில்லை. தம் கைக்குச் சிக்கிய பயனர் கணக்குக்கு என்னென்ன அதிகாரங்கள் உண்டு என்றே முதலில் பார்க்கிறார். விண்டோஸ் கணினியில் அதற்கு ‘ஹூ ஆம் ஐ’ என்ற கட்டளை போதும். ‘நான் யார்’ என்பதே அதன் பொருள். விண்டோஸிலேயே அடங்கிய கட்டளையாதலால், வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை.

எனினும், அக்கேள்வியே அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடும். கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர் தம் அதிகாரம் யாதெனக் கணினியிடம் கேட்பது அரிது. மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பைத் திறந்த மறுநொடி அக்கட்டளை இயங்கி, தொடர்ந்து நிர்வாகிகளின் பட்டியலும் கோரப்பட்டால் ஐயம் வலுக்கிறது. தணிக்கை வசதியை இயக்கி வைத்திருந்தால், முதலாவது 4688 என்ற எண்ணிலும் இரண்டாவது 4799 என்ற எண்ணிலும் விண்டோஸ் பாதுகாப்புப் பதிவேட்டில் பதிவாகும். கணினிப் பராமரிப்பாளரும் இதே கட்டளைகளை இடுவார் என்பதுதான் சிக்கல். ஆகவே கட்டளையைவிட, அதை இயக்கிய நிரல் எது என்பதையே முதலில் நோக்க வேண்டும் என்பது நம் கருத்து.

வீட்டுக் கணினியில் இத்தகைய கண்காணிப்பு இராது. அங்கே இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவோர், நிர்வாகி கணக்கைத் தனியே வைத்துவிட்டு, அன்றாடப் பணிக்குச் சாதாரணப் பயனர் கணக்கொன்றை அமைத்துக்கொள்ளலாம். திருடன் ‘நான் யார்?’ என்று கேட்டாலும், பெரிய அதிகாரம் எதுவும் அவனுக்கு எளிதில் கிட்டாது.