வீட்டிலேயே கல்வி... வேலையைக் கூட்டாமல் நடத்துவது எப்படி?

விடியற்காலை 4.30 மணிக்கு மாட்டுக்குத் தீவனம் வைப்பதில் தொடங்குகிறது நாள். பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பி, சாணம் வழித்து, சமையலை முடித்து நிமிரும்போது மணி 8.30. மோட்டார் போட்டு மடை திருப்பிவிட வேண்டும். களையெடுக்க வந்தவர்களுக்கு டீ கொண்டுபோக வேண்டும். இதற்கு நடுவே, 'மணி 9 ஆச்சு... முதல் பீரியட் கணக்கு' என்று பிள்ளைகளைக் கரும்பலகை முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

முதல் மாதம் உற்சாகமாகப் போகும். மூன்றாவது மாதம் அம்மா கத்துவார், பிள்ளை அழும், 'இதெல்லாம் நமக்குத் தேவையா?' என்று அப்பா முணுமுணுப்பார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் தமிழ்நாட்டில் ஆங்காங்கே இருக்கிறார்கள். நிலத்தோடு வாழும் குடும்பங்களும் அதில் உண்டு. இந்த முயற்சி தடுமாறுவதற்குப் பாடம் மட்டுமே காரணமல்ல. பள்ளிக்கூடத்தை அப்படியே பெயர்த்து வந்து, ஏற்கெனவே வேலை நிறைந்த வீட்டுக்குள் வைப்பதுதான் பெரிய சிக்கல். வீட்டை எளிமையாக்காமல், வீட்டுக் கல்வி நிலைக்காது.

காலையில் 2 மணி நேரம்

வகுப்பறையில் 30, 40 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். வருகைப் பதிவு, நோட்டு திருத்தம், காத்திருப்பு என்று நேரம் போகும். வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். தொடக்க வகுப்பு வயதில், கவனம் சிதறாத 2 மணி நேரப் பாடம் தாராளம். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 3 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

பாட நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, வேலையோடு கட்டுவது நல்லது. 'காலைச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவியதும் பாடம்' என்று வைத்தால், கறவை 20 நிமிடம் தள்ளிப்போனாலும் பதற்றம் இருக்காது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் தினமும். அறிவியல், சமூக அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றை வாரத்தில் இரண்டிரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். 7 வயதுக்கும் 11 வயதுக்கும் தனித்தனி வகுப்பு தேவையில்லை. கணக்கை மட்டும் பிரித்துவிட்டு, மற்றதைச் சேர்த்தே நடத்தலாம். மூத்தது இளையதுக்குப் படித்துக் காட்டினால், இரண்டு பேருக்கும் அது பாடம்.

ஆண்டுக் கணக்கும் பயிரைப் பார்த்து மாறட்டும். நடவு, அறுவடை வாரங்களில் விடுமுறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் இறங்க முடியாத நாட்களில் கூடுதல் பாடம். இப்படி வைத்தால், 'பாடம் விட்டுப்போச்சே' என்ற குற்ற உணர்வு பாதி குறையும்.

சாமான் குறைந்தால் வேலை குறையும்

பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் பாத்திரம் சேரும், துணி சேரும், பசியும் அடிக்கடி வரும். இதற்கு எளிய வழிகள் உண்டு.

ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பிட்டவர் கழுவி வைக்க வேண்டும். மற்ற தட்டுகள் பரணுக்குப் போகட்டும்.

வாரச் சமையலை ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்து எழுதி ஒட்டிவிட்டால், 'இன்னைக்கு என்ன சமைக்க?' என்ற தினசரி யோசனை இல்லை. வாரத்தில் இரண்டு முறை மாவு ஆட்டி வைத்தால் காலை வேளை கவலை தீரும். இடைவேளைப் பசிக்குக் கடலை, பொரி, அவித்த பயறு, தோட்டத்துக் கொய்யா போதும்.

புத்தகம், நோட்டு, பேனா எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில். பாடம் முடிந்ததும் பெட்டி மூட வேண்டும். செல்போனுக்கு ஓர் இடம். பாட நேரத்தில் அது அங்கேயே இருக்க வேண்டும்.

முக்கியமான விஷயம்... எல்லாமே அம்மா தலையில் விழக் கூடாது. இரவில் அப்பா அரை மணி நேரம் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். தாத்தா, பாட்டிக்கு வாரம் இரண்டு மாலை ஒதுக்கினால் கதை, பழமொழி, பட்டம், நட்சத்திரம் எல்லாம் பிள்ளைகளுக்கு வந்து சேரும். மதியம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் தாங்களாகவே விளையாட, படிக்க விட்டுவிட்டு அம்மா ஓய்வெடுக்க வேண்டும். இந்த ஓய்வும் அட்டவணையில் எழுதப்பட வேண்டும்.

தோட்டமே கணக்கு நோட்டு

விவசாயக் குடும்பத்துக்கு இருக்கும் பெரிய வசதி, பாடத்துக்கான பொருள் வாசலிலேயே கிடப்பது. 1 ஏக்கர் என்பது 100 சென்ட். 43,560 சதுர அடி. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் தென்னை வைத்தால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. அப்படியானால் ஏக்கருக்கு எத்தனை மரம்? வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 70. பரப்பளவு, பெருக்கல், வகுத்தல் மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடும்.

1 ஏக்கருக்கு ஜீவாமிர்தம் தயாரிக்க 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் மாட்டுச் சிறுநீர், வெல்லமும் பயறு மாவும் தலா 2 கிலோ என்றால், 20 சென்ட் கத்திரிக்கு எவ்வளவு? 40 லிட்டர் தண்ணீர், 2 கிலோ சாணம், 2 லிட்டர் சிறுநீர், 400 கிராம் வெல்லம், 400 கிராம் மாவு. விகிதக் கணக்கு இதுதான்.

பக்கம் நேராக உள்ள டப்பாவை வெட்டவெளியில் வைத்து, மழை நின்றதும் ஸ்கேலால் அளக்கலாம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஏக்கருக்கு 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்! பண்ணைக்குட்டை எதற்கு என்று பிள்ளைக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அடைகாக்கும் கோழியின் முட்டையை 7-ம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ரத்த நாளங்கள் தெரியும். 21-ம் நாள் குஞ்சு வரும்வரை தேதி போட்டு எழுதிவந்தால், அது அறிவியல் நோட்டு.

கைத்தொழிலோடு கல்வியைச் சேர்க்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 1937-ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படை இதுவே. 1947-ல் திண்டுக்கல் அருகே தொடங்கப்பட்ட காந்திகிராமத்திலும் அந்த முறை பின்பற்றப்பட்டது.

பாடமா... கூலி மிச்சமா?

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். ஆள் கிடைக்காத நாளில், பள்ளிக்குப் போகாத பிள்ளை கண்ணில் படும். 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும்' என்று களைக்கொத்து கைக்கு வரும். பெண் பிள்ளை என்றால் அடுப்பங்கரையும், தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்வதும் சேர்ந்துவிடும். ஓராண்டில் வீட்டுக் கல்வி, வீட்டு வேலையாக மாறிவிடும்.

2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்டவர்கள் குடும்பத் தொழிலில் உதவுவதென்றால் அது பள்ளி நேரத்துக்குப் பிறகோ, விடுமுறையிலோதான். ஆபத்தான வேலையும் கூடாது. மருந்து தெளிப்பான், மோட்டார் ஸ்டார்ட்டர், டிராக்டர் பக்கம் அனுப்பவே கூடாது. ஒரு வேலை பாடமா, கூலி மிச்சமா என்று அறிய ஒரே கேள்வி போதும்... 'இதில் பிள்ளை இன்று புதிதாக என்ன தெரிந்துகொண்டது?' பதில் இல்லையென்றால் அது வேலைதான். காலைப் பாட நேரத்தை எந்த வேலைக்காகவும் தொடக் கூடாது.

முடிவெடுக்கும் முன்...

இழப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியை விட்டால் காலை உணவு, மதிய உணவு, இலவசப் பாடநூல், பஸ் பாஸ் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கான 7.5% இட ஒதுக்கீடு 2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. வீட்டில் படித்தவர்கள் அதைக் கேட்க முடியாது. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' உதவித்தொகையும் அப்படியே. பிள்ளைக்கு வேளாண் கல்லூரி ஆசை இருந்தால், 6-ம் வகுப்புக்கு முன்பே இதைப் பேசி முடிவெடுப்பது நல்லது.

வாசகர் சந்தேகங்கள்

வீட்டுக் கல்விக்குச் சட்டத்தில் தடை உண்டா?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் குறிப்பிடவில்லை.

சரிப்பட்டு வராவிட்டால் மறுபடியும் பள்ளியில் சேர்க்க முடியுமா?

முடியும். அதே சட்டத்தின் 4-வது பிரிவின்படி, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். திரும்பச் சேர்ப்பது தோல்வி அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளையிடமே கேட்டு முடிவெடுக்கலாம்.

தேர்வு எழுதுவது எப்படி?

பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் தமிழ்நாட்டில் 8-ம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயதில் 10-ம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தமிழும் ஒரு பாடமாக உண்டு. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். சேர நினைக்கும் கல்லூரி அந்தச் சான்றிதழை ஏற்குமா என்பதை முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

பெற்றோர் அதிகம் படிக்கவில்லை என்றால்?

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. ஆனால், பிள்ளையின் நோட்டைப் படித்துத் திருத்தக்கூடிய ஒருவராவது வீட்டிலோ, பக்கத்திலோ இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாத வீட்டுக்குப் பள்ளிதான் சரி. தென்னைக் கணக்கையும் மழைக் கணக்கையும் மாலையில் சொல்லிக்கொடுக்க எதுவும் தடையில்லை.