தாழ்ந்த கார், தேய்ந்த டயர்

டயரின் வெளிப்பக்கம்தான் நம் கண்ணில் படுகிறது. பங்கில் காற்றுப் பிடிக்கும்போதும், வண்டி கழுவும்போதும் அதைத்தான் பார்க்கிறோம். ஸ்பிரிங் மாற்றி இறக்கிய காரில் தேய்மானம் தொடங்குவதோ உள்விளிம்பில். வெளியே தரையைத் தொடும் ரப்பர்ப் பட்டன் புதுசு போல நிற்கும். உள்ளே ரப்பர் கரைந்து கம்பி தெரிய ஆரம்பித்திருக்கும். மழையில் அவசரமாக பிரேக் மிதிக்கும் நாள் வரை பலருக்கு இது தெரியவே தெரியாது.

கோவையில் காரை இறக்கும் ஆசை அதிகம். கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கிய ஊர், 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் ஊர், செட்டிப்பாளையத்தில் ரேஸ் டிராக் உள்ள ஊர். முதல் சம்பளத்தில் ஸ்விஃப்ட் வாங்கும் பையனுக்கு, அடுத்த சம்பளத்தில் அதைத் தரையோடு தரையாக இறக்கிப் பார்க்கத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங் மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து.

கோணங்கள் ஏன் மாறுகின்றன?

நம் ஊர்ச் சாலையில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்க சஸ்பென்ஷன் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் வகுத்த இந்த அமைப்பு, 1950-இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் இடம்பெற்றது. உதிரிகள் குறைவு, இடம் மிச்சம், விலையும் மலிவு. கீழே லோயர் ஆர்ம், மேலே ஸ்ட்ரட், திருப்புவதற்கு டை ராட், அவ்வளவுதான். இவை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதைக் கம்பெனி ஓர் உயரத்துக்காகக் கணக்கிட்டு வைத்திருக்கிறது.

காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால், உடல் கீழே வருகிறது; சக்கரம் தரையிலேயே நிற்கிறது. லோயர் ஆர்மின் வெளிமுனை, முன்பு இருந்ததைவிட மேல்நோக்கிச் சாய்கிறது. சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சரிகிறது. இதுதான் நெகட்டிவ் கேம்பர். கூடவே டை ராடும் சாய்கிறது. அதன் நீளமும் லோயர் ஆர்மின் நீளமும் ஒன்றல்ல என்பதால் இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் நகர்கின்றன. விளைவாக, மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும். இது டோ மாற்றம்.

டயர் ஒரு பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதன் சாய்வு என்பதால் வரும் தவறு அது. ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு, டோ சரியாக இருக்கும் கார் டயரைப் பெரிதாகத் தின்பதில்லை. டயரை அழிப்பது டோ.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 அங்குல ரிம்மில், முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளிக்கும் பின்விளிம்பு இடைவெளிக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஏறக்குறைய 4 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. கோவையிலிருந்து 500 கிலோமீட்டர் ஓட்டிச் சென்னை சேர்வதற்குள் அது 2 கிலோமீட்டர் ஆகிவிடும். கால் விரல்களைத் திருப்பி வைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்வது போன்ற நடை அது. கேம்பர் உள்விளிம்பில் பாரத்தை ஏற்ற, வெளிநோக்கித் திரும்பிய டோ அதே இடத்தைத் தரையில் தேய்க்க, இரண்டும் சேர்ந்தால் நல்ல டயரும் சில ஆயிரம் கிலோமீட்டரில் போய்விடும்.

ஸ்டீயரிங் சொல்லாத உண்மை

"ஸ்டீயரிங் நேராத்தான் நிக்குது, எந்தப் பக்கமும் இழுக்கல. அப்புறம் எதுக்குங்ணா அலைன்மென்ட்?" என்று பட்டறையில் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. இடது வலது இரண்டும் ஒரே அளவு திரும்பியிருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்துவிடும். கார் நேராகவே போகும். டயர் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே கையால் தடவிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் முன்டயரின் உள்விளிம்பு எட்டும். பட்டனைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பம் போல உரசினால் டோ கெட்டிருக்கிறது. உள்விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பரையும் பார்க்க வேண்டும். திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ சந்தேகியுங்கள். பட்டன் நடுவே உள்ள 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் குறி, உள்விளிம்பில் ஓரிடத்தில் எட்டிவிட்டாலும் அந்த டயரை மாற்றிவிட வேண்டும்.

பின்சக்கரங்களையும் மறக்கக் கூடாது. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்பக்கம் இரு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்பதால் இறக்கும்போது கோணம் பெரிதாக மாறாது. 2006-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் போல, பின்னாலும் தனித்தனி ஆர்ம்கள் கொண்ட கார்களில் நிலைமை வேறு. அங்கே பின்டயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் கரையும்.

வேலையை முறையாகச் செய்ய

முதலில், ஸ்பிரிங்கை அறுப்பதும் சூடு காட்டிச் சுருக்குவதும் வேண்டவே வேண்டாம். சூடு காட்டினால் எஃகின் பதம் போகும். அறுத்த ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது இருப்பிடத்திலிருந்து நழுவக்கூடும். அந்தக் காருக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும்தான் சரி.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை, கார் லிஃப்டில் தொங்கும்போது இறுக்கிவிடக் கூடாது. சக்கரங்கள் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். அது கிழிந்தால் எந்த அலைன்மென்டும் நிற்காது.

ஸ்பிரிங் மாற்றிய உடனே ஓர் அலைன்மென்ட், சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொன்று. நான்கு டயரிலும் சரியான காற்று இருக்க வேண்டும். ஆடும் பால் ஜாயின்டையும் டை ராட் எண்டையும் முதலில் மாற்ற வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால், சாய்வைத் திருத்த உதவும் கேம்பர் போல்ட் போட்டிருந்தால் கேம்பரை முதலில் வைத்துவிட்டு டோவைக் கடைசியில் வைக்க வேண்டும். அலைன்மென்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இறக்கிய காருக்கு அந்தத் தாளில் கேம்பர் சிவப்பில், அதாவது கம்பெனி வரம்புக்கு வெளியே, நிற்கலாம். இடது வலது ஒத்திருந்தால் ஓட்டலாம். டோ மட்டும் பச்சையில்தான் நிற்க வேண்டும்.

எவ்வளவு இறக்குவது என்பதை நம் சாலைதான் தீர்மானிக்கிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் நெறிப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம்; தெருவில் அவரவர் போட்டதற்குக் கணக்கில்லை. ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 40 போனால் மிச்சம் 123. நான்கு பேர் ஏறினால் இன்னும் குறையும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும்: "இறக்கினால் வளைவில் நன்றாக நிற்கும்." மெக்பெர்சன் காரை அளவுக்கு மீறி இறக்கினால், புவியீர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாக, உடல் சாய்வதற்கான அச்சு இறங்கிவிடும். ஸ்பிரிங் கடினமாக இல்லாவிட்டால் கார் முன்பைவிட அதிகமாகவே சாயும். ரேஸ் கார்களில் பால் ஜாயின்டின் உயரத்தையே மாற்றி இதைச் சரிசெய்கிறார்கள்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கேம்பர் போல்ட், இரண்டு அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துத்தான் காரை இறக்கும் செலவு. அத்தனைக்கும் பணம் சேரவில்லை என்றால், சேரும் வரை கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஓட்டுங்கள். பாதி வேலை செய்த காரில் பின்சீட்டில் உட்காரப்போவது உங்கள் அம்மாவும் தங்கையும்தான்.