முடிவெடுக்கும் இருக்கையில் நம் பிள்ளைகள்

 

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டியில் வாழ்வோருக்கு வெடிமருந்தின் கொடுமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பட்டாசுத் தொழிலே இவ்வட்டாரத்தின் பிழைப்பு. வேலை நேரத்தில் பெருஞ்சத்தம் கேட்டுவிட்டால், வேலைக்குச் சென்றவர்களை எண்ணி வீட்டிலிருப்போர் நெஞ்சம் பதறுகின்றது. போரின் வெடிச்சத்தமோ, எங்கோ தொலைவில் சிலர் கூடியமர்ந்து எடுக்கும் முடிவில் பிறக்கின்றது. அம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

மாதிரி ஐ.நா. சபை, இளைஞர் நாடாளுமன்றம் என்னும் பெயர்களில், மாணவர்கள் நாட்டுத் தலைவர்களாக அமர்ந்து வாதாடும் பயிற்சிகள் கல்வி நிலையங்களில் நடைபெறுகின்றன. அவை நகரத்துப் பிள்ளைகளுக்கே உரியவை என ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு திண்ணையும் பத்துப் பிள்ளைகளும் போதும். அதற்கான பொருளை நம் நாட்டு வரலாறே தருகின்றது.

2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் இராக் மீது படையெடுத்தன. ஏப்ரல் 8 அன்று நம் மக்களவை அப்போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பின்னர், இராக்கிற்கு ஒரு டிவிஷன் படையை அனுப்புமாறு அமெரிக்கா இந்தியாவைக் கேட்டது. அனுப்பலாம் என்போரும் கூடாது என்போரும் ஆட்சியாளரிடையே இருந்தனர். பிரதமர் வாஜ்பாய் எதிர்க்கட்சியினரையும் கலந்து பேசினார். ஐ.நா. ஆணையின்றிப் படை அனுப்புவதில்லை என்று ஜூலை 14 அன்று முடிவாயிற்று.

பிள்ளைகளுள் ஒருவரைப் பிரதமராக்குங்கள். பாதுகாப்பு அமைச்சர், வெளியுறவு அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் எனப் பிறருக்குப் பொறுப்பளியுங்கள். படைவீரரின் தாயாக ஒரு பெண்பிள்ளை பேசட்டும். போரை வெறுக்கும் பிள்ளையிடம் அனுப்பலாம் என்னும் கட்சியைக் கொடுங்கள். எதிர்த்தரப்பின் நியாயத்தையும் அப்போதுதான் அப்பிள்ளை உணரும்.

பிரிட்டனில் நடந்ததையும் சொல்லுங்கள். அமைச்சர் ராபின் குக், 2003 மார்ச் 17 அன்று பதவி துறந்து போரை எதிர்த்தார். மறுநாள் 412 பேர் போரை ஆதரித்தும் 149 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அமைதி வழிகள் முற்றிலும் முயலப்படுமுன்னரே போர் தொடங்கப்பட்டது என 2016இல் வெளியான சில்காட் அறிக்கை கூறிற்று. அதற்குள் 179 பிரிட்டிஷ் படையினரும், பல்லாயிரக்கணக்கான இராக்கியரும் மாண்டிருந்தனர். வாக்குகளின் எண்ணிக்கை வேறு, நியாயம் வேறு என்பதைப் பிள்ளைகள் இதனால் அறிவர்.

முடிவு பிழைத்துப் போனால் என்ன செய்வது? ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரைப் பாருங்கள். மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். வெளியே செல்ல வேண்டுமென வற்புறுத்தியவர்களுள் பலர் இளைஞர்கள். அண்ணலார் அவர்களின் கருத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள். அப்போரில் எழுபதின்மர் ஷஹீதாயினர். இத்தனைக்குப் பின்னரும், அவர்களை மன்னித்து, அவர்களோடு கலந்தாலோசிக்குமாறே ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் பணிக்கின்றது. ஆலோசனை ஒருமுறை பிழைத்ததென்று மஷூராவின் வாயிலை இஸ்லாம் அடைக்கவில்லை.

பெற்றோர்களே! பிள்ளை மாற்றுக் கருத்துக் கூறும்போது வாயடைக்காதீர்கள். நாளை ஊர் ஜமாஅத்திலோ நாடாளுமன்றத்திலோ அமரப்போவது அப்பிள்ளைதான். முடிவுக்கு முன் அஞ்சாமல் உண்மை பேசும் துணிவையும், பிறர் சொல்லைச் செவிமடுக்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் சந்ததியினருக்கு வழங்குவானாக! ஆமீன்.